பளபளக்கிற ரெக்கார்டெல்லாம் பாடாது

ஆன்லைனில் வாங்கிய பழைய எல்பி ரெக்கார்டைக் கையில் பிடித்தபடி பழைய வண்ணாரப்பேட்டையில் என் ரிப்பேர் மேஜைக்கு வருகிற பையன்கள் எல்லாரும் ஒன்றுதான் சொல்கிறார்கள்: "பிளேயர்ல ஏதோ கோளாறுணா." திறந்து பார்த்தால் பிளேயர் சரியாக இருக்கும். கோளாறு தட்டில் இருக்கும். ஆரம்பத்தில் நான் காசு விட்ட அதே இடத்தில்தான் இவர்களும் விடுகிறார்கள்.

1985-ல் தீயில் போன பழைய மூர் மார்க்கெட்டில் ரெக்கார்டு வாங்கியவர்கள் தட்டை உறையிலிருந்து உருவி, வெயிலுக்குக் காட்டி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்த பிறகுதான் பேரத்துக்கே வருவார்கள். இப்போது கைக்கு வருவது நாலு போட்டோவும், தட்டின் நிலைமைக்கு விற்பவர் போடுகிற ஒரு கிரேடும். அதை வைத்து எப்படி ஏமாறாமல் இருப்பது என்பதுதான் விஷயம். கீழே வருபவை வாங்குகிறவர்கள் செய்கிற தவறுகள். உடைந்த தட்டு, கிழிந்த அட்டை மாதிரி பார்த்தாலே தெரிகிறவற்றை விட்டுவிடுகிறேன்.

கிரேடைப் பள்ளிக்கூட மார்க் மாதிரி படிப்பது

ஆன்லைனில் அதிகம் புழங்குவது கோல்ட்மைன் அளவுகோல். 1974-ல் தொடங்கிய அமெரிக்க ரெக்கார்டு பத்திரிகையின் பெயர் அது. ரெக்கார்டு வாங்கி விற்கிற டிஸ்காக்ஸ் தளமும் அதைத்தான் பின்பற்றுகிறது. மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் பிளஸ், குட், ஃபேர், புவர் என்று மேலிருந்து கீழே இறங்கும். விலையும் அதோடு சேர்ந்து இறங்க வேண்டும். நியர் மின்ட் தட்டு 1,000 ரூபாய் போகுமென்றால் வெரி குட் பிளஸ் ஏறத்தாழ 500, வெரி குட் 250, குட் 100 முதல் 150. 'வெரி குட்' என்று போட்ட தட்டுக்கு 800 ரூபாய் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. அந்தக் கிரேடில் பாட்டின் சத்தம் அடங்கிப் போகிற இடங்களில் கரகரப்பு நன்றாகவே கேட்கும். 'குட்' வாங்கினால் கரகரப்பு பாட்டோடு கூடவே ஓடும்.

இங்கிலாந்துக்காரர்கள் அளவுகோலில் 'எக்ஸலன்ட்' என்று ஒரு படி உண்டு, கோல்ட்மைனில் கிடையாது. விற்பவர் இரண்டையும் கலந்து எழுதியிருந்தால் எந்த அளவுகோல் என்று கேட்டுவிடுங்கள். இரண்டு கிரேடு போட்டிருந்தால் பெரும்பாலும் முதலாவது தட்டுக்கு, இரண்டாவது அட்டைக்கு. ஒரே ஒரு கிரேடு மட்டும் இருந்தால் எதற்கு என்று கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

கண்ணால் போட்ட கிரேடைக் காதால் போட்டதாக நம்புவது

இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இதுதான்.

ரெக்கார்டைப் பார்த்தும் கிரேடு போடலாம், ஓடவிட்டுக் கேட்டும் போடலாம். பார்த்துப் போடுவது குற்றமில்லை. அறை நிறையத் தட்டு வைத்திருக்கிற வியாபாரி ஒவ்வொன்றையும் உட்கார்ந்து முழுசாகக் கேட்க முடியாது. ஆனால் நம்ம ஊர் வீடுகளில் ஓடிய தட்டுக்குக் கண் மட்டும் போதவே போதாது. ஏனென்றால் அந்தத் தட்டு எதில் ஓடியது என்பது கண்ணுக்குத் தெரியாது.

எழுபதுகளில் நம் வீடுகளில் ஓடியவை எச்எம்வி ஃபியஸ்டா மாதிரியான பெட்டிப் பிளேயர்கள். அவற்றில் இருந்தது செராமிக் கார்ட்ரிட்ஜ். முள்ளைப் பிடித்திருக்கிற சின்னத் தலைதான் கார்ட்ரிட்ஜ். இன்றைய நல்ல கார்ட்ரிட்ஜ் தட்டின்மேல் இரண்டு கிராம் அளவில் அழுத்துகிறது. அந்தக் காலத்துப் பிளேயர் கையில் ஐந்து கிராமும் அதற்கு மேலும் சர்வ சாதாரணம். போதாக்குறைக்கு முள் சபையராக இருக்கும். வைர முள் பல நூறு மணி நேரம் தாங்கும், சபையர் அதில் ஒரு சிறு பங்குதான் தாங்கும். தேய்ந்த முள்ளை மாற்ற எத்தனை வீடுகளில் காசு இருந்தது? நுனி தட்டையாகி, ஓரம் உளி மாதிரி கூர்ந்துபோன முள்ளோடு அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அந்த ஓரம் குரூவின், அதாவது தட்டில் முள் ஓடுகிற பள்ளத்தின், இரண்டு சுவர்களையும் செதுக்கிக்கொண்டே போகும். கீச்சு ஒலிகள் இருக்கிற நுண்ணிய நெளிவுகள்தான் முதலில் போகும். மேற்பரப்பில் ஒரு கீறல் விழாது. துடைத்து வைத்தால் தட்டு மின்னும்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல் எல்பி ஒன்றைக் கொண்டுவந்தான். நியர் மின்ட் என்று போட்டு, நியர் மின்ட் விலையும் வாங்கியிருந்தார்கள். உண்மையிலேயே முகம் பார்க்கலாம் போல இருந்தது. முதல் பாட்டு நன்றாகவே போனது. இரண்டாவதில் குரல் மேலே ஏறும்போது லேசான பிசிறு. கடைசிப் பாட்டில் அவர் உச்சஸ்தாயியைப் பிடித்த இடத்தில் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி அலறியது. "இன்னாணா, புச்சாட்டம் கீது, ஏன் இப்டி கத்துது?" என்றான். அவன் திருப்திக்காகப் புது முள் போட்டுப் பார்த்தோம். அதே அலறல். விளம்பரத்தை மறுபடி படித்தால் கடைசி வரியில் 'பார்த்துக் கிரேடு போட்டது' என்று பொடி எழுத்தில் இருந்தது. திருப்பி எடுக்க மாட்டேன் என்று சொல்ல விற்றவருக்கு அந்த ஒரு வரி போதும்.

கடைசிப் பாட்டில் ஏன் இப்படி? எல்பி நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. வேகம் மாறுவதில்லை, ஆனால் வட்டம் சுருங்குகிறது. வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் விநாடிக்கு சுமார் 50 செ.மீ. குரூவ் ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் அது 20 செ.மீ.யைக் கொஞ்சம் தாண்டினால் அதிகம். அதே ஒலியை அரைவாசிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறது. தேய்ந்த முள் அங்கேதான் அதிகம் சேதம் செய்யும். சேதம் முதலில் கேட்பதும் அங்கேதான்.

'ஓட்டிப் பார்த்தது' என்று போட்டிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். நான் விசாரித்தவரையில் முதல் பக்கத்தின் முதல் பாட்டில் அரை நிமிஷம் கேட்டிருப்பார்கள். தேய்ந்த தட்டும் நன்றாகப் பாடுகிற இடம் அதுதான். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு பக்கத்திலும் கடைசிப் பாட்டின் கடைசி ஒரு நிமிஷம். போனில் பதிவு செய்து அனுப்பினால் போதும். அதில் 'ச', 'ஸ' வருகிற இடத்தில் துப்புகிற மாதிரி ஒலிக்கிறதா, நாதஸ்வரமோ வயலினோ மேலே போகும்போது பிசிறுகிறதா என்று ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். சினிமா எல்பியாக இருந்தால் ஹிட்டான பாட்டையும் கேளுங்கள். அந்த வீட்டில் அதிகம் ஓடியது அதுதான். சில தட்டுகளில் அந்தப் பாட்டின் பட்டை மட்டும் பக்கத்துப் பட்டைகளைவிடச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். நல்ல போட்டோவில் அது தெரியும்.

விற்பவரிடம் பிளேயரே இல்லை என்றால் வெரி குட் விலைக்கு மேல் ஒரு பைசா பேசாதீர்கள். எவ்வளவு மின்னினாலும் சரி.

லேபிள் ஓட்டையைக் கேட்காமல் விடுவது

நான் முதலில் கேட்கிற போட்டோ இது. நடு ஓட்டையைச் சுற்றி லேபிளை மட்டும் கிட்டத்தில், சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவை தட்டை வைக்கும்போதும் சுழல் கம்பி ஓட்டையைத் தேடி லேபிள்மேல் லேசாக உரசும். அதிகம் ஓடிய தட்டில் ஓட்டையைச் சுற்றி மெல்லிய வெள்ளிக் கோடுகள் பின்னிக்கிடக்கும், ஓட்டையின் விளிம்புக் காகிதம் பஞ்சாகியிருக்கும். தட்டை எண்ணெய் போட்டு மினுக்கலாம், லேபிளில் விழுந்த கோட்டை அழிக்க முடியாது.

ஆம், எண்ணெய் போடுகிறார்கள். எடுத்தால் விரல் வழுக்குகிற தட்டுகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. அந்தப் பிசுக்கில் தூசி அப்பிக்கொண்டு முள்ளையும் கெடுக்கும்.

சவுண்ட் சர்வீஸ் தட்டை வீட்டுத் தட்டு என்று வாங்குவது

கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதத்துக் கூழ் என்று தெருவுக்குத் தெரு குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட காலத்தில் மைக் செட்காரர்களிடம் இருந்த ஈபி என்கிற சின்னத் தட்டுகள் இப்போது ஆன்லைனில் நிறைய வருகின்றன. லேபிளில் பெயின்டில் போட்ட நம்பர், அட்டையில் சர்வீஸ் பெயர் ரப்பர் ஸ்டாம்ப், மூலையில் சிவப்பு ஒட்டுத்தாள் இருந்தால் அது தொழிலுக்கு ஓடிய தட்டு. ஹாரனில் கேட்கிறவனுக்குப் பிசிறு தெரியாது என்பதால் முள்ளைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஆல்பத்தில் வைத்துப் பார்க்க ஆசை என்றால் வாங்கலாம். எங்கள் ஏரியாவின் ஞாபகம் அது, எனக்கே ஆசைதான். பாட்டுக் கேட்க வேண்டாம்.

டியூப்லைட் போட்டோ

டியூப்லைட் வெளிச்சம் பரவி விழும், மெல்லிய கீறல் மறைந்துவிடும். ஒற்றைப் பல்போ போன் டார்ச்சோ பக்கவாட்டில் காட்டி, தட்டை மெதுவாகச் சாய்த்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

கீறலைக் கண்டதும் பயப்படுவது, அல்லது பயப்படாமல் இருப்பது

எல்லாக் கீறலும் ஒன்றில்லை. நகத்தை மேலே ஓட்டினால் தட்டுகிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். நகத்துக்குத் தெரியாத முடி போன்ற கீறல் பல சமயம் காதுக்கும் தெரியாது. தட்டுகிற கீறல் குரூவுக்குக் குறுக்கே விழுந்திருந்தால் சுற்றுக்கு ஒரு 'டிக்', அதாவது எல்பியில் 1.8 விநாடிக்கு ஒன்று. ஒரு செ.மீ. நீளக் கீறல் என்றால் அது இரண்டு நிமிஷத்துக்கு மேல் டிக் டிக் என்று வந்துகொண்டே இருக்கும். ஏறத்தாழ ஒரு பாட்டில் பாதி போயிற்று. குரூவோடு கூடவே, சற்றே சாய்வாகப் போகிற கீறல் இதைவிட மோசம். பார்க்கச் சின்னதாக இருக்கும். முள் வழிதவறிச் சொன்னதையே சொல்லும், இல்லை ஒரு வரி தாண்டிக் குதிக்கும்.

வெள்ளத்தில் நனைந்த தட்டு

2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வடசென்னையில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது என்பது நமக்குத் தெரியும். அந்த அலமாரிகளில் இருந்தவையும் விற்பனைக்கு வரத்தான் செய்யும். எல்பி செய்கிற வினைல் பிளாஸ்டிக் தண்ணீரில் கெடாது. குரூவுக்குள் இறங்கிய சேறுதான் எமன். கழுவாமல் ஓட்டினால் அந்த மண்ணே அரைத்துவிடும். லேபிள் அலையலையாகச் சுருங்கியிருக்கிறதா, அட்டையின் அடியில் பழுப்பாகத் தண்ணீர்க் கோடு இருக்கிறதா, லேபிளின் நிறம் பரவியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கழுவிய பிறகு எடுத்த ஒலிப்பதிவு இல்லாமல் வாங்காதீர்கள்.

கடல் காற்றுக்குப் பூஞ்சையும் பிடிக்கும். வெள்ளைப் புள்ளியாகப் படர்ந்திருப்பது பெரும்பாலும் கழுவினால் போகும். பிளாஸ்டிக் உறையிலேயே வருஷக்கணக்கில் கிடந்து மூடுபனி மாதிரி படிந்த மங்கல் கழுவினாலும் போகாது, ஓட்டினால் இரையும். இரண்டையும் 'தூசி' என்ற ஒரே வார்த்தையில் எழுதுவார்கள்.

78-ஐ ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது

வேண்டாம். நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுகிற அந்தப் பழைய தட்டு அரக்கு, கரைந்துவிடும்.

78-ஐ எல்பி முள்ளில் ஓட்டிவிட்டுத் தட்டைக் குறை சொல்வது

அதற்கு மூன்று மில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு, நுனியுள்ள முள் வேண்டும். தனியாக வாங்குங்கள்.

கோணல்

சுழலும்போது பக்கவாட்டில் எடுத்த வீடியோ கேளுங்கள். வெயிலில் தட்டு வளையும், மே மாதத்தில் பார்சல் வேண்டாம்.

வந்ததும் அலமாரியில் வைப்பது

பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். தட்டைக் கழுவிக் காயவைத்து, அன்றைக்கே ஓட்டுங்கள். முதல் பாட்டிலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டாவது பக்கத்தின் கடைசிப் பாட்டு, பிறகு முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு, பிறகு ஹிட் பாட்டு. மூன்றும் தேறினால் மீதியும் பெரும்பாலும் தேறும். பிசிறினால் அந்த இடத்தைப் பதிவு செய்து, எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிஷம் என்று எழுதி, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் விற்றவருக்கு அனுப்பிவிடுங்கள். வியாசர்பாடித் தம்பி கெடு முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் என்னிடம் வந்தான்.