த்ரஸ்டரைத் திறக்கும் நேரம்: நீண்ட சோலார் பேனல் உள்ள செயற்கைக்கோளின் ஆட்டத்தை அடக்குவது எப்படி

செயற்கைக்கோளைத் திருப்பும் சிறு உந்துபொறியான த்ரஸ்டரைத் திறந்தால் அதன் உடல் உடனே திரும்பும். இருபுறமும் நீண்டு நிற்கும் சோலார் பேனல்கள் பின்தங்கி வளையும், பிறகு ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தைத் தணிக்க அங்கே காற்று இல்லை. ஆட்டம் எவ்வளவு வேகமாக அடங்கும் என்பதைக் காட்டும் தணிப்பு விகிதம் 0.005 என்று வையுங்கள். ஒவ்வோர் அலைவுக்கும் வீச்சு ஏறக்குறைய 3 சதவீதம்தான் குறையும். அலைவுக்காலம் 5 விநாடி என்றால், ஆட்டம் பத்தில் ஒரு பங்காக வற்ற ஆறு நிமிடம் ஆகும். இடையில் சுழற்சியை அளக்கும் கைரோ அதைப் பார்த்து, கட்டுப்பாட்டு மென்பொருள் மறுபடி த்ரஸ்டரைத் திறந்துவிட்டால், எரிபொருளும் வீணாகும், ஆட்டமும் வளரும்.

இதைச் சிமுலேஷனில் செய்ய வரும் மாணவர்களில் பலர் முதல் நாளே கட்டுப்பாட்டு விதியில் கை வைக்கிறார்கள். வேண்டாம் என்பேன். முதலில் அதிர்வெண்ணைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

பேனலுக்கான அறிக்கையில் பெரும்பாலும் இருப்பது அதன் அடியை இறுகப் பிடித்து வைத்தால் வரும் அதிர்வெண். விண்வெளியில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. பேனல் ஒரு பக்கம் வளைந்தால் உடல் மறுபக்கம் அசையும். அதனால் உண்மையான அதிர்வெண் அறிக்கையில் உள்ளதைவிடக் கூடுதல். செயற்கைக்கோளின் மொத்த நிலைமத் திருப்புத்திறனில் (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் அளவு) அந்த அதிர்வுக்கு உரிய பங்கை 1-இலிருந்து கழியுங்கள், வர்க்கமூலம் எடுங்கள், அறிக்கை எண்ணை அதால் வகுங்கள். பங்கு 0.36, அறிக்கை எண் 0.16 ஹெர்ட்ஸ் என்றால் விடை 0.2 ஹெர்ட்ஸ். கால் பங்கு வித்தியாசம்! 0.16-ஐ நம்பி நேரம் குறித்தால், அடக்க நினைத்த ஆட்டத்தில் 38 சதவீதம் அப்படியே மிஞ்சும்.

இனி நேரம் குறிப்பது. 0.2 ஹெர்ட்ஸுக்கு அலைவுக்காலம் 5 விநாடி. த்ரஸ்டருக்குத் திற, மூடு இரண்டுதான் தெரியும். பாதி விசை கேட்க முடியாது. ஆகவே 0.4 விநாடித் துடிப்பு (ஒருமுறை திறந்து மூடுவது) ஒன்று தேவை என்றால், அதை 0.2 விநாடியாக இரண்டாகப் பிரித்து, 2.5 விநாடி இடைவெளியில் கொடுங்கள். முதல் துடிப்பு எழுப்பிய ஆட்டத்தை இரண்டாவது எழுப்பும் ஆட்டம் எதிர்க்கட்டத்தில் சந்தித்து அழித்துவிடும். உடலுக்குக் கிடைத்த சுழற்சி வேகம் மட்டும் நிற்கும். பொறியாளர் ஓ. ஜே. எம். ஸ்மித் 1957-இல் முன்வைத்த யோசனை இது.

அதிர்வெண்ணில் 10 சதவீதம் பிழை இருந்தால் இம்முறையில் ஏறக்குறைய 16 சதவீத ஆட்டம் மிஞ்சும். எனக்கு அது போதாது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் சிங்கரும் சீரிங்கும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று துடிப்பு வழி இருக்கிறது: 0.1, 0.2, 0.1 விநாடி என 1:2:1 விகிதம். அதே 10 சதவீதப் பிழைக்கு இங்கே மிஞ்சுவது 2.4 சதவீதம்தான். விலை, இன்னும் 2.5 விநாடி காத்திருப்பது. நான் எப்போதும் இதைத்தான் எடுப்பேன். ஒன்றைக் கவனியுங்கள்: 2.5 விநாடி என்பது துடிப்புகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே. தொடக்கங்களை வைத்து அளந்தால், அகலம் வேறுபடுவதால் கணக்கு பிசகும். துடிப்புகள் 1 விநாடி, 2 விநாடி என்று நீண்டால் 1:2:1 அகலமே பொருந்தாது. அகலங்களைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

நீண்ட எரிப்புக்கு எளிய வழி உண்டு. சரியாக 5 விநாடி, அல்லது அதன் முழு மடங்கு நேரம் திறந்து வைத்தால், மூடும் நொடியில் ஆட்டம் மிஞ்சாது. ஆனால் எரியும்போது பேனல் நிலையான வளைவைப்போல் இரண்டு மடங்கு வரை வளையும். அதன் அடி மூட்டு தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றுப்பாதையில் இந்த அதிர்வெண் மாறிக்கொண்டே இருக்கும். எரிபொருள் குறையும், சூரியனைத் தொடர்ந்து பேனல் சுழலும்போது அதே வளைவு ஒரு சமயம் ஒரு அச்சையும் இன்னொரு சமயம் வேறு அச்சையும் ஆட்டும். 2006 டிசம்பரில் ஜப்பான் ஏவிய இடிஎஸ்-8 செயற்கைக்கோளில் 19-க்கு 17 மீட்டரில் இரண்டு ஆன்டெனாக்கள், நுனிக்கு நுனி 40 மீட்டரில் பேனல்கள். அதன் அதிர்வுப் பண்புகளைச் சுற்றுப்பாதையிலேயே சோதித்து அளந்தார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம்: சிறு துடிப்பு ஒன்று கொடுத்து, கட்டுப்பாட்டை நிறுத்திவைத்து, கைரோவைப் பதியுங்கள். 100 விநாடிப் பதிவு 0.01 ஹெர்ட்ஸ் வரைதான் பிரித்துக் காட்டும். அது நம் எண்ணில் 5 சதவீதம். 200 விநாடி பதியுங்கள். பேனலின் வெவ்வேறு கோணங்களில் அளந்து அட்டவணையாக வையுங்கள்.

இரண்டாவது அதிர்வெண்ணையும் விட்டுவிடாதீர்கள். அது முதலாவதன் மூன்று மடங்காக இருந்தால் நல்லகாலம், இதே துடிப்புகள் அதையும் அழிக்கும். இரண்டு மடங்காக, 0.4 ஹெர்ட்ஸாக இருந்தால் துளியும் குறையாது. அப்போது இரட்டைத் துடிப்பு ஒவ்வொன்றையும் மறுபடி பாதியாக்கி, 0, 1.25, 2.5, 3.75 விநாடிகளில் நான்கு சமத் துடிப்புகளாகக் கொடுங்கள். வால்வால் திறக்க முடிந்த மிகச்சிறிய நேரத்துக்குக் கீழே துடிப்பு போகாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.