மோரிஸ் மைனர் கிளட்ச்: பிளேட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரைப் புதுப்பிக்கும்போது, கிளட்ச் நழுவுகிறது என்றதும் பலரும் பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். மூன்றே மாதத்தில் புது பிளேட் ஆயிலில் ஊறி மறுபடியும் நழுவியது.

இந்த வண்டியின் ஏ-சீரிஸ் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) பின்முனையில், அதாவது கிளட்ச் இருக்கும் பக்கம், ரப்பர் சீல் கிடையாது. அங்கே வெட்டியிருக்கும் மரை போன்ற பள்ளம்தான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, பிரீதரும் (இன்ஜினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியேற்றும் குழாய்) அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் பின்பக்கமாக வந்துவிடும். "சீலை மாத்திட்டா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால், எந்த சீல் என்று கேளுங்கள். பிரீதரைச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை.

கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் உறையின் அடியில், கசியும் ஆயில் வடிய ஒரு துளை, அதில் ஒரு காட்டர் பின் (பிளவுபட்ட கம்பி ஊசி) தொளதொளவென்று தொங்கும். யாரோ மறந்துவிட்டுப் போனது என்று பிடுங்கி எறியாதீர்கள். வண்டி ஓடும்போது அது ஆடிக்கொண்டே இருப்பதால்தான் துளை அழுக்கில் அடைபடாமல் இருக்கிறது.

சாமான் வாங்குவதில் இன்னொரு சிக்கல். 1962-இல் இன்ஜின் 948 சிசியிலிருந்து 1098 சிசி ஆனபோது, பிளேட்டும் 6¼ அங்குலத்திலிருந்து 7¼ அங்குலமானது. இத்தனை வருடத்தில் இன்ஜினே மாறியிருக்கலாம். ஆர்.சி.யில் உள்ள வருடத்தை நம்பாமல் பழைய பிளேட்டை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கழற்றும்போது தூசியை ஏர் அடித்து ஊதவே கூடாது. பழைய பிளேட்டின் லைனிங்கில் (உராயும் மேற்பூச்சு) மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மாட்டும்போது பிளேட் நடுவில் நிற்க வேண்டும். கியர்பாக்ஸின் பழைய இன்புட் ஷாஃப்ட் (பிளேட்டின் நடுவில் நுழையும் தண்டு) கிடைத்தால் அதைச் செருகிவைத்து, பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கியர்பாக்ஸின் எடை பிளேட்டில் தொங்கினால் நடுப்பகுதி வளைந்துவிடும், அப்புறம் கிளட்ச் முழுசாக விடாது.

பெடலை மிதித்ததும் கிளட்சை விடுவிக்கும் பாகத்தை ரிலீஸ் பேரிங் என்கிறோமே, இதில் அது குண்டுகள் உள்ள பேரிங் இல்லை, கார்பன் வளையம். அதற்கு கிரீஸ் வேண்டாம். பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டினால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். பெடலைக் கிளட்சோடு இணைக்கும் லிங்கேஜ் பின்களும் அவை நுழையும் துளைகளும் தேய்ந்திருந்தால், எல்லாம் புதிதாக இருந்தும் கியர் விழும்போது கரகரக்கும். இன்ஜின் வெளியே இருக்கும்போதே அவற்றை ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.