பழைய கார் பார்ட்ஸை காயலான் கடைல போடப் போறீங்களா? இந்த தப்பையெல்லாம் பண்ணாதீங்க

சர்வீஸ் முடிஞ்சதும் மாத்துன பழைய பார்ட்ஸை டிக்கில போட்டு குடுத்துடுவாங்க, அது மாடிப்படிக்கு அடியில வருஷக்கணக்கா கெடக்கும், அப்புறம் ஒருநாள் வீட்டை ஒழிக்கும்போது எல்லாத்தையும் ஒரே சாக்குல கட்டி காயலான் கடைக்கு தூக்கிட்டுப் போவோம். முதல் தப்பே அந்த ஒரே சாக்குதான். கலந்து கொண்டுபோனா மொத்தத்துக்கும் இரும்பு ரேட்டுதான் போடுவாங்க, உள்ள செம்பு இருக்கா அலுமினியம் இருக்கான்னு யாரும் பிரிச்சுப் பார்த்து காசு தரமாட்டாங்க.

ஒரு காந்தத்தை எடுத்து வச்சுப் பாருங்க. பிரேக் டிரம், டிஸ்க், லோயர் ஆர்ம் எல்லாம் கப்புன்னு ஒட்டும், அது இரும்பு. ஒட்டலன்னா அலுமினியம், செம்பு, பித்தளை, இல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருக்கலாம், அதை தனியா வைங்க. இப்ப வர்ற கார் ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம், ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் டேங்க் இருக்கும், அதை கழட்டிட்டு குடுத்தா நல்ல ரேட் கேக்கலாம். பழைய அம்பாசடர் காலத்து ரேடியேட்டர்னா செம்பும் பித்தளையும், அதை இரும்போட போட்டா பெரிய நஷ்டம். வண்டியை ஸ்டார்ட் பண்ற செல்ஃப் மோட்டார், பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் ரெண்டுலயும் உள்ள காப்பர் வைண்டிங் இருக்கு. ஆனா ஒயரை எரிச்சு காப்பர் எடுக்குற வேலை மட்டும் வேணாங்க, அந்த பிளாஸ்டிக் புகை அவ்வளவு விஷம், எரிஞ்ச காப்பருக்கு ரேட்டும் கம்மி.

சைலன்சர்னு சொல்லி எடைக்கு போடுற லைன்ல கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் (இன்ஜின் புகையில இருக்குற நச்சு வாயுவைக் குறைக்குற பார்ட்) சேர்ந்து போயிடுது, இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. 1995-ல சென்னை உட்பட 4 பெருநகரங்கள்ல புது பெட்ரோல் காருக்கு இது கட்டாயமாச்சு. உள்ள தேன்கூடு மாதிரி ஒரு செராமிக், அதுமேல பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசியிருப்பாங்க. அளவு சில கிராம்தான், ஆனா மத்த சைலன்சர் இரும்பு மொத்தத்தையும் விட இதுக்கு மதிப்பு அதிகம். மெக்கானிக் மாத்தினா பழசை கேட்டு வாங்கிக்கோங்க. வீட்டுல உடைச்சுப் பார்க்காதீங்க, அந்த தூள் நுரையீரலுக்கு கெடுதல், உடைஞ்சதுக்கு விலையும் எறங்கிடும்.

பேட்டரியை தயவுசெஞ்சு இரும்புக்கடைல எடைக்கு போடாதீங்க. எடை குறையட்டும்னு ஆசிட்டை சாக்கடையில, மரத்தடியில ஊத்துறதும் நடக்குது. அது கந்தக அமிலம், கூடவே ஈயமும் கலந்து மண்ணுல எறங்கும். அப்புறம் அந்த பேட்டரி எங்கயோ ஒரு கொட்டகையில உடைச்சு உருக்கப்படும், ஈயப்புகையில முதல்ல பாதிக்கப்படுறது அக்கம்பக்கத்து குழந்தைங்க மூளைதான், இதை நெனச்சா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. 2022 பேட்டரி கழிவு விதிகள்படி பழசை திரும்பச் சேகரிச்சு மறுசுழற்சிக்கு அனுப்புறது தயாரிப்பாளரோட பொறுப்பு, புதுசு வாங்குற கடையிலயே பழசை குடுத்தா விலையில கழிச்சுக்குவாங்க.

அடுத்த தப்பு, உள்ள ஆபத்தானது என்ன இருக்குன்னு கடைக்காரர்கிட்ட சொல்லாம குடுக்குறது. ஷாக் அப்சார்பர் பலதுல அழுத்தத்துல நைட்ரஜன் கேஸ் இருக்கும், கேஸ் கட்டர் வச்சா வெடிக்கலாம். பெட்ரோல் டேங்க் காலியா இருந்தாலும் உள்ள ஆவி நிக்கும், நிறைஞ்ச டேங்க்கை விட காலி டேங்க்தான் வெட்டும்போது ஆபத்து. வெடிக்காத ஏர்பேக், எல்பிஜி, சிஎன்ஜி சிலிண்டர் இதெல்லாம் காயலான் கடைக்கே போகக்கூடாது. அங்க வெட்டுற பையன் கையில கிளவுஸ் கூட இருக்காது, நம்ம ஒரு வார்த்தை சொன்னா அவன் உயிர் தப்பும்.

தேஞ்ச பிரேக் டிஸ்க், சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் இணைக்குற பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் இதையெல்லாம் முழுசா குடுக்காதீங்க. தேய்ச்சு பெயிண்ட் அடிச்சு செகண்ட் ஹேண்ட்ல வித்தா வாங்குறவருக்குத் தெரியாது. பல டிஸ்க்ல ஓரத்துலயோ நடுவுலயோ குறைஞ்சபட்ச தடிமன் எத்தனை மில்லிமீட்டர்னு பொறிச்சிருக்கும், அதுக்கு கீழ தேஞ்சிருந்தா மெக்கானிக்கை கிரைண்டர்ல குறுக்க ஒரு வெட்டு போடச் சொல்லுங்க. எடை அப்படியேதான் இருக்கும், காசு குறையாது.

முழு காரையே போடுறீங்கன்னா, ரொக்கத்தை வாங்கிட்டு சும்மா விட்டுடாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவுப்படி, வண்டி இனி ஓடவே ஓடாதுன்னு ஆனா 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரியப்படுத்தணும். ஆர்சி கேன்சல் ஆகாம விட்டா அந்த நம்பரை வேற வண்டியில மாட்டி ஓட்டுனாலும் கேள்வி உங்க வீட்டுக்குதான் வரும். பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்துல குடுத்தா வண்டியை ஒப்படைச்சதுக்கு சான்றா டெபாசிட் சர்டிபிகேட் தருவாங்க, புது வண்டிக்கு வரிச்சலுகை கேக்க அது உதவும். ஃபாஸ்டாகை மறக்காம க்ளோஸ் பண்ணிட்டு, கண்ணாடியில இருக்குற ஸ்டிக்கரையும் கிழிச்சுட்டே வண்டியை விடுங்க.