சிறுகோள் செய்திகளை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘2024 வைஆர்4’ என்ற சிறுகோள் 2032 டிசம்பரில் பூமியில் மோதுவதற்கான வாய்ப்பு 2025 பெப்ரவரியில் 3.1 வீதம் வரை ஏறியது. அது விழக்கூடியதாகக் கணிக்கப்பட்ட நீண்ட பட்டையில் தெற்காசியாவும் இருந்ததால், மலையகப் பாடசாலைகளிலும் அச்சம் கலந்த கேள்விகள் எழுந்தன. வீதம் ஏறினால் ஆபத்து நெருங்குகிறது என்று கொள்வதுதான் இத்தகைய செய்திகளை வாசிப்பவர்கள் செய்யும் முதல் தவறும் பெரிய தவறும் ஆகும்.

புதிதாகக் கண்டறியப்பட்ட சிறுகோளைப் பற்றிச் சில இரவுகளின் அவதானிப்புகளே கையில் இருக்கும். ஆகவே, பல ஆண்டுகளுக்குப் பின் அது எங்கே இருக்கும் என்பதை மிக நீண்ட ஒரு பட்டையாகவே கணிக்க முடியும். அந்தப் பட்டைக்குள் பூமி ஒரு சிறு புள்ளி. புதிய அவதானிப்புகள் சேரச் சேரப் பட்டை குறுகும். பூமி அதற்குள் இருக்கும் வரை அதன் பங்கு கூடிக்கொண்டே போவதால் வீதமும் ஏறும். பட்டை பூமியை விட்டு விலகியதும் வீதம் சடுதியாக விழும். பெப்ரவரி 18இல் உச்சத்தைத் தொட்ட அந்த வீதம் சில நாட்களிலேயே ஏறத்தாழப் பூச்சியமாயிற்று. 2004 டிசம்பரில் 2.7 வீதம் வரை சென்ற அபோபிஸ் சிறுகோளுக்கும் இதுவே நடந்தது. இரண்டும் தம் பாதையிலேயே சென்றுகொண்டிருந்தன. மாறியது நமது அறிவு மட்டுமே.

‘ஆபத்து விளைவிக்கக்கூடியது’ என்ற வகைப்பெயரை மோதல் அறிவிப்பாக எடுத்துக்கொள்வதும் தவறு. பூமியின் பாதையை ஏறத்தாழ 75 இலட்சம் கிலோமீற்றருக்குள் அணுகக்கூடிய, சுமார் 140 மீற்றருக்கு மேற்பட்ட சிறுகோள்களுக்கு அப்பெயர் பொருந்தும். அந்தத் தூரம் சந்திரனின் தூரத்தைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு.

பெரிய தொலைநோக்கி எதையும் கண்டுபிடித்துவிடும் என்ற நம்பிக்கையையும் திருத்திக்கொள்ள வேண்டும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வானின் மிகச் சிறிய துண்டையே ஒரு நேரத்தில் பார்க்கிறது. வைஆர்4 சுமார் 60 மீற்றர் என அளந்து சொல்ல அது பெரிதும் உதவியது, ஆனால் தேடும் வேலைக்கு அகன்ற பார்வை வேண்டும். சிலியிலுள்ள வேரா ரூபின் அவதானிப்பு நிலையம் அத்தகையது. 2025 ஜூனில் வெளியான அதன் முதற் படங்களில், ஏறத்தாழ பத்து மணி நேர அவதானிப்பிலேயே 2,104 புதிய சிறுகோள்கள் அகப்பட்டன.

தரையிலிருந்து பார்க்கும் எந்தக் கண்ணுக்கும் சூரியனின் திசை மறைவாகவே இருக்கும். 2013 பெப்ரவரி 15இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்த, சுமார் 20 மீற்றர் அளவிலான கல் அத்திசையிலிருந்தே எவரும் அறியாமல் வந்தது; ஜன்னல்கள் நொறுங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். மேலும், வெளிச்சத்தை வைத்து அளவைக் கணிப்பதும் ஏமாற்றும், ஏனெனில் வெண்மையான சிறு பாறையும் கரிய பெரும் பாறையும் ஒரே அளவு ஒளியைத் தரலாம். இவ்விரு குறைகளையும் ஈடுசெய்யவே, வெப்பத்தை உணரும் அகச்சிவப்புத் தொலைநோக்கியான ‘நியோ சர்வேயர்’ உருவாகிறது. அதனை 2027 செப்டம்பருக்கு முன்னதாக அல்லாமல் ஏவி, பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நிறுத்த நாசா திட்டமிட்டுள்ளது. என் பார்வையில், அடுத்த பத்தாண்டில் மிக அவசியமான விண்வெளிக் கருவி இதுவே. 2022இல் டார்ட் விண்கலம் ஒரு சிறுகோளின் சுற்றுப்பாதையை மோதி மாற்றிக் காட்டியது உண்மைதான், ஆயினும் பல ஆண்டுகள் முன்னதாகக் கண்டறிந்தால் மட்டுமே அந்த வழி பயன்படும்.

அபோபிஸ் 2029 ஏப்ரல் 13 இரவு, பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீற்றர் தூரத்தில் கடந்து செல்லும். மிக நெருங்கும் நேரத்துக்காக விழித்திருப்பது நமக்கு வீண்: அது இலங்கை நேரப்படி 14ஆம் திகதி அதிகாலை மூன்று மணிக்குப் பின், அப்போது அது அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு மேலே, நம் அடிவானத்துக்குக் கீழே இருக்கும். முன்னிரவிலேயே பார்க்க வேண்டும். அமாவாசையை ஒட்டிய இரவாதலால் நிலவொளி இடையூறாக இராது. ஆனால் சித்திரை மாதத்துப் பிற்பகல் இடிமழையும் அதன் பின் ஏறும் மூடுபனியும் நுவரெலியா, ஹப்புத்தளைப் பக்கங்களில் வானை மறைத்துவிடக்கூடும் என்பதால், ஆசிரியர்கள் தாழ்வான இன்னோர் இடத்தையும் முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது. சில நிமிடங்களில் வானைக் கடக்கும் ஒளிப்புள்ளியை அபோபிஸ் என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிடக் கூடாது, அது செயற்கைக்கோளாகவே இருக்கும். அபோபிஸின் நகர்வு பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டுச் சற்று நேரம் பார்த்தால்தான் புலப்படும். இருகண் நோக்கியின் வில்லையில் பனி படிந்தால் சேலைத் தலைப்பால் துடைக்காமல், மெல்லிய இளஞ்சூட்டில் உலரவிட வேண்டும்.