ஒரு தாள், ஒரு கரித்துண்டு, ஒரு மூடுபனி: முதல்முறை அனிமேஷன் செய்பவர்களுக்கு

குன்னூரில் எங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு, அதில் வரிசையாக சில்வர் ஓக் மரங்கள், அதற்குப் பின்னால் ஒன்றையொன்று தாண்டி இரண்டு மலைமுகடுகள். டிசைன் படிப்பின் முதல் வருடத்தில், ஓர் இடத்தின் மனநிலையை எட்டு நொடியில் காட்ட வேண்டும் என்று அனிமேஷன் வகுப்பில் புராஜெக்ட் கொடுத்தார்கள். நான் யோசிக்கவே இல்லை, மூடுபனியை எடுத்துக்கொண்டேன்.

கரியில் மலையை வரைந்து, அதன்மேல் வெள்ளை சாக்பீஸால் பனியைப் பூசினேன். ஓட்டிப் பார்த்தால் மலைக்கு முன்னால் பஞ்சுமூட்டை உருண்டு போவது மாதிரி இருந்தது. எங்கள் மிஸ் அதை மூன்று தரம் பார்த்துவிட்டு, "பனி வரும்போது உனக்குப் பனி தெரியுதா, இல்ல மலை தெரியாமப் போகுதா?" என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரி அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பனியை வரையவே வேண்டாம், மலையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தால் போதும் என்று அப்போதுதான் பிடிபட்டது. இந்தச் செய்முறையில் ரப்பர்தான் உங்கள் பென்சில்.

மென்பொருள் எதுவும் படித்திருக்க வேண்டியதில்லை. செல்போன் இருந்தால் போதும். கொஞ்சம் அழித்து ஒரு படம், இன்னும் கொஞ்சம் அழித்து இன்னொரு படம் என்று எடுத்து, வரிசையாக ஓட்டினால் அசைவு வந்துவிடும். வழியும் புதிதல்ல. 1906-லேயே அமெரிக்காவில் ஜே. ஸ்டூவர்ட் பிளாக்டன் கரும்பலகையில் சாக்பீஸால் முகங்களை வரைந்து, அழித்து, திரும்ப வரைந்து படம் பிடித்திருக்கிறார். தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989-லிருந்து கரி ஓவியத்தை அழித்தழித்துப் படமெடுத்துத்தான் தன் அனிமேஷன்களைச் செய்து வருகிறார். அழித்த இடத்தில் மிஞ்சும் கறையை அவர் மறைப்பதே இல்லை. நாமும் மறைக்கப் போவதில்லை.

முதல் படி: உட்கார்ந்து பார்ப்பது

இதை யாரும் தாண்டிப் போகாதீர்கள். நோட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஆறு கட்டம் போட்டுக்கொண்டு, பனி ஏறத் தொடங்கும்போது உட்காருங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு கட்டம். அழகாக வரைய வேண்டாம். எது போய்விட்டது, எது இன்னும் நிற்கிறது என்று மட்டும் குறியுங்கள்.

நான் என் முதல் படத்தில் பனியை மேலிருந்து கீழே இறக்கியிருந்தேன். பாட்டி பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எஸ்டேட்டில் வருடக்கணக்காகக் கொழுந்து பறித்தவர். "மிஸ்ட் வானத்துலருந்து எறங்காது கண்ணு. ஓடைப் பக்கமிருந்து ஏறும். மொதல்ல கீழ்க்காடு போவும், அப்புறம் லயன் போவும், மரத்து உச்சி மட்டும் கடைசி வரைக்கும் நிக்கும்" என்றார். லயன் என்பது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். மறுநாள் உட்கார்ந்து பார்த்தால் அச்சு அசலாக அப்படியே நடந்தது. மேட்டுப்பாளையம் சமவெளியின் ஈரக்காற்று பள்ளத்தாக்கு வழியாக மேலே வர வர குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் நுண்துளியாகிறது. குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் எங்கள் சரிவில் இது சாயங்காலக் காட்சி. உங்கள் ஊர் கோத்தகிரியோ கொடைக்கானலோ, அங்கே பனி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். தூரத்து முகடு சட்டென்று மறைவதில்லை. முதலில் வெளிறும், பிறகு அதன் கோடு மட்டும் நிற்கும், பிறகுதான் போகும். பக்கத்து மரமோ அப்போதும் கறுப்பாகவே இருக்கும்.

பொருட்கள்

கரியில் இரண்டு வகை. மெல்லிய குச்சியைச் சுட்ட கரி ஒன்று. கடையில் வில்லோ சார்க்கோல் என்று கேட்டால் தருவார்கள். பொடியைப் பசை சேர்த்து அழுத்திய கட்டி இன்னொன்று. நமக்கு முதல் வகைதான் வேண்டும். பசை இல்லாததால் விரலால் தொட்டாலே கலையும், துணியால் துடைத்தால் போய்விடும். அழுத்திய கட்டி தாளில் பற்றிக்கொண்டு விடாது.

கடையில் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே சுடலாம். நான் தேயிலைக் கவாத்தில் வெட்டிப்போட்ட குச்சிகளை எடுத்தேன். பென்சிலைவிட மெல்லியதாகப் பார்த்து, பட்டை உரித்து, நன்றாகக் காயவைத்து, பிஸ்கட் டின்னில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு வெளி அடுப்பு நெருப்பில் வைத்தேன். துளையில் புகை நின்றதும் எடுத்துவிட வேண்டும். டின் முழுதும் ஆறிய பிறகே திறங்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சி பற்றிக்கொள்ளும். என் குச்சிகளில் பாதி கடினமாகித் தாளைக் கீறின. மீதிப் பாதி கடைக் கரிக்கு இணையாக வந்தது.

தாள் 200 ஜிஎஸ்எம்முக்குக் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) குறையாமல், லேசான சொரசொரப்போடு, ஏ3 அளவில். வழவழப்பான சார்ட் பேப்பரில் கரி நிற்காது. ரப்பரில் நீடட் ரப்பர் என்று களிமண் மாதிரிப் பிசையக்கூடியது ஒன்று உண்டு. அதைக் கூராக்கினால் மரக்கிளையளவு அழிக்கலாம், தட்டையாக்கினால் முகட்டையே ஒத்தி எடுக்கலாம். அது கிடைக்காதவர்கள் பிரெட்டின் உள்பகுதியைப் பிசைந்து பயன்படுத்துங்கள். ரப்பர் வருவதற்கு முன்னால் ஓவியர்கள் கரியை அழித்தது பிரெட்டால்தான். பழைய பருத்தித் துணி ஒன்றும், காகித மாஸ்கிங் டேப்பும் இருந்தால் பட்டியல் முடிந்தது.

தாளும் போனும்

மலைக்காற்றின் ஈரத்தில் தாள் நெளியும். அதனால் ஒட்டுவதற்கு முந்தின ராத்திரியே அதை அந்த அறையில் விரித்து வைத்துவிடுங்கள். அறையின் ஈரத்துக்குப் பழகிய தாள் அப்புறம் அவ்வளவாக அசையாது. பலகையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி, பலகையைச் சுவரோடு கிட்டத்தட்ட நேராகச் சாய்த்து, எதிரே போனை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மேசையில் படுக்கவைத்தால் உங்கள் தலைநிழல் விழும், கரித்தூளும் தாளிலேயே தங்கும். ஸ்டாண்டின் கால்கள் நிற்கும் இடத்தைத் தரையில் டேப்பால் குறித்து வையுங்கள்.

போனில் ஃபோகஸ் (தெளிவு), எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் தானாக மாறாதபடி பூட்ட வேண்டும். கேமராவின் ப்ரோ மோடில், அதாவது எல்லாவற்றையும் நாமே அமைக்கும் முறையில், முடியும். ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ போன்ற ஆப்பிலும் முடியும். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், ஒரு அழைப்பின் அதிர்வு போதும் படம் நகர. சார்ஜர் வயரை முதலிலேயே செருகிவிடுங்கள். விரலால் திரையைத் தொட்டு எடுக்காமல், இயர்போன் வயரிலுள்ள வால்யூம் பட்டனை அழுத்தி எடுப்பது நல்லது; பல போன்களில் அது வேலை செய்யும்.

வெளிச்சம்

என் முதல் எழுபது படங்கள் குப்பைக்குப் போனது இங்கேதான். சன்னலோரம் நல்ல வெளிச்சமென்று பகலில் எடுத்தேன். வெளியே நிஜப் பனி வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓட்டிப் பார்த்தால் படம் முழுக்க, யாரோ ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைப்பது மாதிரிப் படபடத்தது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு நிமிடம் போகிறது, அதற்குள் மலையின் வெளிச்சம் மாறிவிடுகிறது. எந்தப் பனியைப் படமாக்க ஆசைப்பட்டேனோ அதுவே படத்தைக் கெடுத்துவிட்டது. அன்று அழுதேன்.

ஆகவே ராத்திரியில் எடுங்கள். சன்னலைப் போர்வையால் மூடுங்கள். ஒரே மாதிரியான இரண்டு எல்இடி பல்பு, தாளின் இரண்டு பக்கமும் சாய்வாக, சம தூரத்தில். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல்பின் ஒளி நொடிக்கு 100 தடவை துடிக்கக்கூடும். ஷட்டரை, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் வாங்கும் நேரத்தை, 1/50 நொடியில் வைத்தால் அந்தத் துடிப்பு படத்தில் ஏறாது. மழைநாளில் கரண்ட் போகும் ஊரென்றால், பவர் பேங்கில் எரியும் இரண்டு யுஎஸ்பி விளக்கு இன்னும் நிம்மதி. அடர் நிறச் சட்டை போடுங்கள். வெள்ளைச் சட்டையில் பட்ட வெளிச்சம் தாளில் திரும்பி விழும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே இடத்தில் போய் நின்று பட்டனை அழுத்துங்கள்.

கணக்கு

சினிமா நொடிக்கு 24 படம் ஓடுகிறது. கையால் வரைபவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு முறை காட்டி, நொடிக்கு 12-ல் முடித்துக்கொள்வார்கள். பனிக்கு அது தாராளம். எட்டு நொடிக்கு 96 படம். மலை தெளிவாக நிற்க 12, பனி ஏற 48, எல்லாம் மூடியிருக்க 12, விலக 24. ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம் வைத்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல். ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காருங்கள்.

தாளின் ஓரத்தில், போன் பார்க்காத இடத்தில், பனியின் விளிம்பு ஒவ்வொரு படத்திலும் எங்கே இருக்கும் என்று சின்னக் கோடுகள் போடுங்கள். இடைவெளி சமமாக இருக்கக் கூடாது. தொடக்கத்தில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர், நடுவில் ஏழெட்டு, முகட்டை நெருங்கும்போது மறுபடி இரண்டு, ஒன்று. சம இடைவெளியில் நகர்த்தினால் கதவு திறப்பது போலிருக்கும்.

கரி போடுவதும் அழிப்பதும்

முழு மலையையும் முதலில் வரையுங்கள். தூரத்து முகடு வெளிர் சாம்பல், நடு முகடு கொஞ்சம் அடர்த்தி, பக்கத்துத் தேயிலைச் சரிவும் மரங்களும் கன்னங்கரேல். தயங்காமல் கறுப்புப் போடுங்கள். கறுப்பு இல்லாவிட்டால் அழிக்க எதுவும் இருக்காது. முதல் 12 படங்களுக்கும் அப்படியே விட்டுவிட்டால் படம் செத்துப்போன மாதிரி நிற்கும். ஒவ்வொரு படத்துக்கும் எங்காவது ஒரு மரத்து இலைத்திரளை விரலால் லேசாகத் தொட்டுவிடுங்கள். காற்று இருக்கிற மாதிரி ஆகும்.

பிறகு பனி. கீழ் மூலையிலிருந்து தொடங்குங்கள். துணியைச் சுட்டுவிரலில் சுற்றி, முதல் குறி வரை மேல்நோக்கி ஒரே ஒரு தடவை தடவுங்கள். கரி முழுதும் போகாது, சாம்பலாகக் கலையும். படமெடுங்கள். அடுத்த படத்துக்கு விளிம்பை இரண்டாவது குறி வரை நகர்த்தி, முன்பு தடவிய இடத்தை நீடட் ரப்பரால் ஒத்துங்கள். படமெடுங்கள். ஆக விளிம்பில் துணி, உள்ளே ரப்பர். தேய்க்காதீர்கள், ஒத்துங்கள். தேய்த்தால் தாளின் சொரசொரப்பு போய்விடும், அப்புறம் அந்த இடத்தில் கரி ஏறாது. மர உச்சிகளைக் கடைசி வரை விட்டுவையுங்கள். வெள்ளைக்கு நடுவே இரண்டு கறுப்பு உச்சி மட்டும் நிற்கும் அந்த நான்கைந்து படங்களுக்காகத்தான் நான் இந்த வேலையையே செய்தேன் என்று சொல்வேன்.

அறுபத்தொன்றாவது படத்தில் என் முழங்கை பட்டு ஸ்டாண்ட் நகர்ந்தது. உங்களுக்கும் நடக்கும், பதறாதீர்கள். ஆப்பில் ஆனியன் ஸ்கின் என்று ஒரு வசதி உண்டு, முந்தின படம் மங்கலாக மேலே தெரியும். தரையில் ஒட்டிய டேப் குறியில் கால்களை வைத்து, தாளில் தெரியும் கோடுகளும் கறைகளும் முந்தின படத்தோடு பொருந்தும் வரை போனைத் திருத்துங்கள்.

பனி விலக

எடுத்த படங்களையே திருப்பி ஓட்டினால் வேலை மிச்சம்தான். ஆனால் வந்த வழியே பனி திரும்பிப் போவதில்லை. கிழிந்து கிழிந்து போகும். ஓரிடத்தில் முகட்டின் நடுத்துண்டு தெரியும், பக்கத்தில் இன்னும் வெள்ளையாக இருக்கும். அதனால் திரும்ப வரையச் சொல்கிறேன். பயப்பட வேண்டாம், தாளை உற்றுப் பாருங்கள்: அழித்த முகட்டின் கோடு சாம்பல் நிழலாக அப்படியே இருக்கும். அதன்மேலேயே கரியை வைத்துக்கொண்டு போகலாம். கோடு பழைய இடத்திலிருந்து ஒரு நூல் விலகினாலும் பரவாயில்லை. பனிக்குப் பிறகு பார்க்கிற மலை கொஞ்சம் வேறாகத்தான் தெரியும்.

ஓட்டிப் பார்ப்பது

ஆப்பில் வேகத்தை 12 என்று வைத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இசை போடாமல் பாருங்கள் முதலில். நான் தகரக்கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் போனிலேயே பதிவு செய்து சேர்த்தேன்.

கடைசியில் 96 படமும் போனுக்குள் போய், கையில் ஒரே ஒரு தாள்தான் மிஞ்சும். அதைச் சுருட்டாதீர்கள். பட்டர் பேப்பரை மேலே போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவே, சுவரில் படாமல் வையுங்கள். எங்கள் ஊர்ச் சுவர் ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். என் தாளைப் பாட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மரங்களுக்குக் கீழே, அழித்த கரியில் லயன் வீடுகளின் கூரை மங்கலாகத் தெரிந்தது. அதை விரலால் தொடாமல், காற்றிலேயே சுட்டிக்காட்டி எண்ணினார்: "ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவது நம்ம வீடு."