இரட்டை எஞ்சின் ஜெட் படகில் கூலன்ட் குறைந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு எஞ்சினில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்தால் பலர் டேங்கை நிரப்பிவிட்டு ஓட்டக் கிளம்பிவிடுகிறார்கள். எத்தனை மில்லி ஊற்றினோம், எத்தனை மணி நேரம் ஓடியபின் குறைந்தது என்று எழுதி வைப்பதில்லை. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் கசிவு கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று சொல்லவே முடியாது.

அதற்கும் முன், எந்த வகை எஞ்சின் என்று பாருங்கள். யமஹா ஜெட் படகுகளில் ஜெட் பம்பிலிருந்து வரும் வெளித்தண்ணீரே எஞ்சினைக் குளிர்விக்கிறது, கூலன்ட் கிடையாது. ரோட்டாக்ஸ் எஞ்சின் பூட்டிய ஸீ-டூ படகுகளில் கூலன்ட் மூடிய சுற்றில் ஓடி, படகின் அடியில் தண்ணீரைத் தொட்டபடி இருக்கும் ரைடு பிளேட் என்ற உலோகத் தகட்டில் சூட்டை இறக்குகிறது. எக்ஸாஸ்டைக் குளிர்விப்பது வெளித்தண்ணீர். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டாம் வகைக்கு.

அளவைப் பார்ப்பதிலேயே தவறு நடக்கிறது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், படகு மட்டமாக நிற்க வேண்டும். டிரெய்லர் முன்னே சாய்ந்திருந்தால் டேங்கின் அளவுக் கோடு பொய் சொல்லும். புதிதாக நிரப்பியபின் முதல் ஓட்டத்தில் சற்றுக் குறைவது பெரும்பாலும் உள்ளே சிக்கிய காற்று வெளியேறுவதால்தான். இன்னொன்று: குழாய்த் தண்ணீரை மாட்டிக் கழுவும்போது எக்ஸாஸ்ட் குளிரும், ஆனால் ரைடு பிளேட் காற்றில் தொங்குகிறது. கையேடு சொல்லும் நேரத்தைத் தாண்டி ஓடவிட்டால் கூலன்ட் கொதித்து டேங்க் மூடி வழியே வழிந்துவிடும், பிறகு இல்லாத கசிவைத் தேடிக்கொண்டிருப்போம்.

மிக அதிகம் செலவு வைக்கும் தவறு, "பில்ஜ் காய்ந்திருக்கிறது, அப்படியானால் ஹெட் கேஸ்கெட்தான்" என்று முடிவுகட்டுவது. பில்ஜ் என்பது படகின் உள் அடித்தளம், கசிந்தது அங்கே சேரும். ஹெட் கேஸ்கெட் என்பது சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு. தானியங்கி பில்ஜ் பம்பு கசிந்ததை எப்போதோ வெளியே தள்ளியிருக்கலாம். ரைடு பிளேட் கசிந்தாலோ கூலன்ட் பில்ஜுக்கே வராமல் நேராகத் தண்ணீரில் கலந்துவிடும். பில்ஜில் நிறம் தெரிந்தாலும், இரண்டு எஞ்சினுக்கும் அது பொது என்பதால் எந்தப் பக்கம் என்று தெரியாது.

படகை டிரெய்லரில் ஏற்றி, பில்ஜையும் அடிப்பகுதியையும் நன்றாகத் துடையுங்கள். ஒவ்வொரு எஞ்சினுக்கும் கீழே தனித்தனியாக வெள்ளைத் தாள் விரியுங்கள். ஆறிய எஞ்சினில், மூடி இருக்கும் இடத்தில் பிரஷர் டெஸ்டரை (அழுத்தம் ஏற்றி முள்ளில் காட்டும் கைப்பம்பு) மாட்டி, மூடியில் குறித்த அழுத்தம் வரை ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பதினைந்து நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். இறங்கினால் ஹோஸ் முனைகள், வாட்டர் பம்பின் கசிவுத் துளை, டேங்கின் ஒட்டு, கடைசியாக அடியில் ரைடு பிளேட்டின் இணைப்புகள் என்று வரிசையாகப் பாருங்கள். சொட்டு விழும் இடத்தை நம்பாதீர்கள். அடிப்பாகத்தை ஒட்டியே வழிந்து வேறெங்கோ சொட்டும், ஈரத்தின் மேல் முனையைத் தேடுங்கள். முள் அசையாவிட்டால் இளஞ்சூட்டில் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். சில கசிவுகள் சூட்டில்தான் திறக்கும்.

இரண்டு எஞ்சின் இருப்பதன் லாபத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆறியபின் இரண்டின் மூடிகளையும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். குறைவது அடுத்த எஞ்சினுக்குத் தாவினால், குற்றவாளி மூடி. பைசா செலவில்லை.

எக்ஸாஸ்டில் வெண்புகை வந்தால் பதற வேண்டாம். ஈர எக்ஸாஸ்டில் ஆவி வரத்தான் செய்யும். ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகித்தால், கூலன்டில் சிலிண்டரின் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று காட்டும் நீலத் திரவத்தால் சோதியுங்கள், கலந்திருந்தால் மஞ்சளாகும். ஆயில் பால்போல் ஆகியிருந்தால், அதில் கூலன்டின் கிளைகால் இருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்புங்கள், ஏனெனில் எக்ஸாஸ்ட் வழியே பின்னோக்கி ஏறிய தண்ணீரும் அதே நிறத்தைத் தரும். அதற்குள் எஞ்சினைச் சுழற்ற வேண்டாம்: சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராடு வளையும்.

கசிவடைப்பான் திரவம் ஊற்றாதீர்கள், அது மூடிய சுற்றின் மெல்லிய பாதைகளையும் சேர்த்து அடைக்கும். நிரப்புவதற்கு அலுமினிய எஞ்சினுக்கான, கையேடு சொல்லும் வகைக் கூலன்ட். அடர்த்தியாக வாங்கினால் காய்ச்சி வடித்த நீருடன் சரிபாதி. வகைகளைக் கலக்காதீர்கள்.

நடுவழியில் ஒரு எஞ்சினை நிறுத்த நேர்ந்தால், மற்றதை முடுக்கிப் பறக்காதீர்கள். நின்ற எஞ்சினின் எக்ஸாஸ்டுக்குள் நீரோட்டம் தண்ணீரைத் திணிக்கக்கூடும். அலை எழாத வேகத்தில் கரைக்கு வாருங்கள்.