இடிக்கலாம் என்று முடிவெடுக்கும் முன்: கட்டட வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலநிலையை மனதில் வைத்து வடிவமைக்கக் கிளம்பும் இளம் கட்டடக் கலைஞர்கள், முந்தைய தலைமுறை சறுக்கிய இடங்களிலேயே சறுக்குகிறார்கள். எல்.இ.டி. விளக்கு, சிக்கனக் குழாய் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுவோம்.

இடித்துவிட்டுத் தொடங்குவது

நன்றாக நிற்கும் கட்டடத்தைத் தரைமட்டமாக்கி, அதே மனையில் மின்சாரம் மிச்சப்படுத்தும் புதுக் கட்டடம் எழுப்பி, அதற்குப் ‘பசுமை’ என்று பெயரும் வைக்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. மின்சார மிச்சம் ஆண்டுக்காண்டு சொட்டுச் சொட்டாகத்தான் சேரும்; சிமெண்ட் போன்ற பொருள்களைத் தயாரித்துக் கட்டுவதில் வெளியாகும் கார்பனோ குடியேறும் முன்பே மொத்தமாக வெளியேறிவிடும். சிமெண்டாக அரைக்கப்படும் கிளிங்கர் என்ற சூளைக் கட்டி சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் வேகிறது. சூளையின் எரிபொருளை மாற்றினாலும் தப்ப முடியாது. வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் சிதைவதிலிருந்தே வருகிறது. கன மீட்டருக்கு 350 கிலோ சாதாரண சிமெண்ட் போட்ட கான்கிரீட்டுக்கு ஏறக்குறைய 300 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பங்கு அஸ்திவாரம், தூண், தளங்களில் கிடக்கிறது. இடித்தால் குப்பைக்குப் போவதும் அவைதான்.

“பழசு, தாங்காது” என்று யாராவது கண்ணால் பார்த்துச் சொன்னால் ஏற்காதீர்கள். கான்கிரீட்டைத் துளைத்து உருளைத் துண்டு (கோர்) எடுத்து வலிமை பாருங்கள். புதிதாக உடைத்த பரப்பில் பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டித் திரவத்தைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பானால், கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை மிச்சமிருக்கிறது. நிறம் மாறாத பகுதி கம்பி வரை போயிருந்தால் துருவைப் பற்றிக் கவலைப்படலாம். (கடலோரம் என்றால் உப்பின் அளவையும் தனியே சோதிக்க வேண்டும்.) வெறும் பூச்சு உதிர்ந்ததை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

பிரான்சின் போர்தோ நகரில் 530 வீடுகள் கொண்ட மூன்று பழைய குடியிருப்புகளை கட்டடக் கலைஞர்களான லகத்தோன், வசால் இணையும் கூட்டாளிகளும் இடிக்கவில்லை. முகப்புக்கு முன்னால் கண்ணாடித் தாழ்வாரமும் பால்கனியும் சேர்த்தார்கள். வேலை நடக்கும்போதும் மக்கள் உள்ளேயே குடியிருந்தார்கள். அதே நகரில் 1996இல் ஒரு சதுக்கத்தை அழகுபடுத்தச் சொன்னபோது, சரளையை மாற்றி மரங்களைப் பராமரித்தால் போதும் என்று சொல்லிவிட்டது இந்த இணை. அதுவும் வடிவமைப்புதான்.

தூணுக்குத் தூண் வீண் தூரம்

6 மீட்டர் போதுமான இடத்தில் 9 மீட்டர் வைத்தால், தளத்தின் தடிமன் 200 மி.மீ.யிலிருந்து 300க்கு ஏறும். அந்த எடை அஸ்திவாரம் வரை இறங்கும்.

மேற்குக் கண்ணாடி

மாலை வெயில் தாழ்வாக வரும்; மேலே நீட்டிய சன்ஷேடுக்கு அடங்காது. செங்குத்துத் தடுப்பு வேண்டும், அதுவும் கண்ணாடிக்கு வெளியே. உள்ளே திரை போடும்போது வெப்பம் வீட்டுக்குள் வந்தாயிற்று.

மாடித் தோட்டம்

30 செ.மீ. ஈர மண், சதுர மீட்டருக்கு அரை டன். அதைத் தாங்கத் தளத்தைத் தடிப்பாக்கினால் கார்பன் கணக்கு தலைகீழ்.

சோலார் தகடு

தேவையைக் குறைத்த பிறகு.